மலையும் அதைச் சுற்றிய நிலமும்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், வேலையை விட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அரிட்டாபட்டி மலைப் பகுதியில் இயங்கும் நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழுக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. தீர்மானப் புத்தகம் மேசையில் இருக்கிறது, வேண்டியவர்கள் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஆண்டின் பெரும்பகுதியை டங்ஸ்டன் சுரங்கப் பிரச்சினை எடுத்துக்கொண்டது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியின் ஏலம் முடிந்துவிட்டதாக 2024 நவம்பர் 7 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம் அறிவித்தது. மொத்தம் 2,015.51 ஹெக்டேர், ஏறக்குறைய ஐயாயிரம் ஏக்கர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், நாயக்கர்பட்டி, வல்லாளபட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி என்று ஊர் ஊராகச் செய்தி பரவியபோது பலருக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. நாற்று நட்ட வயல், கும்பிடும் கோயில், குடியிருக்கும் வீடு எல்லாம் ஒரே வரைபடத்துக்குள் இருந்தன.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் நடத்தினீர்கள். நவம்பர் 23 கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டோம். டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவையிலும் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சல் நிலையத்தை நோக்கிப் பேரணி போனது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று அமைச்சகம் அறிவித்தது. அந்த இரண்டரை மாதமும் எந்தக் கட்சி, எந்தச் சாதி என்று பார்க்காமல் ஊர்கள் ஒன்றாக நின்றன. பேரணிக்கு வந்தவர்களுக்கு வழியெல்லாம் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தவர்களுக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி சொல்ல வேண்டியது என் கடமை.

இதற்கு இடையில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் சங்கம் இனி என்ன வேலை செய்ய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. டிசம்பர் 24 அன்று அமைச்சகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பல்லுயிர் பாரம்பரியத் தலமாக, அதாவது பலவகை உயிர்கள் வாழ்வதால் காக்க வேண்டிய இடமாக, அறிவிக்கப்பட்ட நம் மலைப் பகுதியை மட்டும் விலக்கி எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று புவியியல் ஆய்வுத் துறையைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வெளியூர் நண்பர்கள் சிலர், "சரி, மலை தப்பித்துவிட்டதே" என்று சந்தோஷப்பட்டார்கள். ஊர் அதை ஏற்கவில்லை, முழுசாக ரத்து செய்தால்தான் ஆச்சு என்றது. நானும் அந்தப் பக்கம்தான். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் 193 ஹெக்டேர் சொச்சம், அந்தச் சுரங்கத் தொகுதியில் பத்தில் ஒரு பங்கு. பாறையை விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் பொட்டலையும் வயலையும் தோண்டினால் மலைக்கு உயிர் இருக்காது.

ஏன் என்று கேட்கும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நம் மலை வழுக்குப் பாறை. விழுகிற மழையில் பெரும்பகுதி உள்ளே இறங்காது, வழிந்து கீழே வந்துவிடும். விரிசல்களுக்குள் போகிற கொஞ்சம் தண்ணீர்தான் மெல்லக் கசிந்து சுனையாக நிற்கிறது. வழிகிற தண்ணீரை ஓடையும் வரத்துக்காலும் கண்மாய்க்குக் கொண்டு சேர்க்கின்றன. கண்மாய் பெருகினால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். கிணறுகளில் ஊற்று நிற்பதும் இதனால்தான். அரசு அறிவிப்பில் 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று எழுதியிருக்கிறார்கள். அதே அறிவிப்பு ஆனைகொண்டான் கண்மாயைப் பாண்டியர் காலம், பதினாறாம் நூற்றாண்டு என்கிறது. இவற்றின் தண்ணீரில் எவ்வளவு 193 ஹெக்டேருக்கு வெளியே போய்ச் சேர்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மழைக்கு முன்னால் வரத்துக்கால் சுத்தம் செய்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். பாறை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் கால்வாய் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு இருந்திருக்கிறது. இப்போது சீமைக்கருவேலம் இரு கரையிலும் நின்று நடுவில் ஒரு முழம்தான் விட்டிருந்தது. வேரை வெட்டி இழுத்தபோது கூடவே மணலும், தண்ணீர் பாட்டிலும், கிழிந்த சாக்கும் வந்தன. அதற்கும் கீழே வரிசையாகப் பதித்த கல் தெரிந்தது. யாரோ எந்தக் காலத்திலோ சரிவு பார்த்து, தண்ணீர் மண்ணை அறுக்காமல் இருக்கப் பதித்த கல். மண்வெட்டி வைத்திருந்த பையன்கள் அதன் பிறகு ஒரு கல்லையும் பெயர்க்காமல் கையாலேயே மண்ணை வாரினார்கள். மழை வந்தபோது அந்தக் கால்வாயில் தண்ணீர் தடையில்லாமல் போனது. மற்ற வரத்துக்கால்கள் இன்னும் அடைபட்டுத்தான் கிடக்கின்றன.

பறவைகளுக்கும் இதே கதைதான். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு என மூன்று வேட்டைப் பறவைகள் இங்கே இருப்பது நமக்குப் பெருமை. ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. கூடு பாறை இடுக்கில் இருந்தாலும் இரை கிடைப்பது வயலிலும், தரிசிலும், கண்மாய்க் கரையிலும்தான். கௌதாரி, ஓணான், எலி, புறா இல்லாத ஊரில் வல்லூறு குஞ்சு பொரித்து என்ன செய்யும்? "வெறும் பொட்டல்" என்று நாம் ஒதுக்குகிற, ஆவாரையும் காரையும் சூரைமுள்ளும் மண்டிய நிலத்துக்கு அவ்வளவு வேலை இருக்கிறது. தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்புக்கும் அந்தப் புதர்தான் மறைவு. தரிசில் மரம் நட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் நான் தயங்குவது இதனால்தான். எல்லா இடத்திலும் மரம் நட்டால் திறந்தவெளியில் வாழ்கிறது எங்கே போகும்?

போராட்டத்துக்குப் பிறகு ஊர் பெயர் பரவியதில் பார்வையாளர்கள் கூடியிருக்கிறார்கள். இடைச்சி மண்டபம் என்று நாம் சொல்கிற குடைவரைச் சிவன் கோயிலையும், வாசலின் பக்கத்தில் இருக்கும், சிவனின் வடிவமான இலகுலீசர் சிற்பத்தையும், பஞ்சபாண்டவர் படுக்கை என்னும் சமணர் குகையையும், சமணத் தீர்த்தங்கரர் சிற்பத்தையும் பார்க்க வருகிறவர்களை மனதார வரவேற்போம். நெல்வேலிக்காரர் ஒருவரும் இலஞ்சிக்காரர் ஒருவரும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் குகையைச் செய்து கொடுத்ததைத் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டுகளில் ஒன்று 1971இலும் மற்றது 2003இலும் கண்டுபிடிக்கப்பட்டவை. அந்த எழுத்தின்மேல் சாக்பீஸ் தடவிப் படம் எடுப்பதைக் கண்டால் தயவு செய்து தடுத்து நிறுத்துங்கள். தை, மாசியில் கூட்டுக்கு அருகில் கேமராவோடு போகிறவர்களுக்கும், ட்ரோன் விடுகிறவர்களுக்கும் வழி காட்ட வேண்டாம். கூடு இருக்கும் இடத்தை வெளியில் சொல்வதில்லை என்று செயற்குழு ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறது, உறுப்பினர்களும் அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களிடம் ஒரு பயம் இன்னும் இருக்கிறது. பாரம்பரியத் தலம் என்று சொல்லி மேய்ச்சலைத் தடுத்துவிடுவார்களோ, சாமி கும்பிடப் போகக்கூடாது என்பார்களோ என்று கேட்கிறார்கள். உள்ளூர் மக்களின் வழக்கமான பயன்பாட்டுக்குத் தடை போடுவது இந்த அறிவிப்பின் நோக்கமில்லை. தடை வேண்டுமென்றால் மக்களே விரும்பி முடிவு செய்வதுதான் என்று தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. இதை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். அறுவடைக்குப் பின் வயலில் கிடை போடுகிறவர்களுக்கும், ஆட்டுப் புழுக்கையை நம்பி விவசாயம் செய்கிறவர்களுக்கும் இந்த மலையில் நம்மைவிட அதிகப் பங்கு உண்டு. அவர்களைச் சங்கத்தில் சேர்க்காமல் இருப்பது நியாயமில்லை. ஆடு வளர்க்கும் பெண்கள் இருவரை அடுத்த செயற்குழுவில் சேர்க்க வேண்டும் என்று இந்த அவையில் முன்மொழிகிறேன்.

வரும் ஆண்டில் மற்ற வரத்துக்கால்களைக் கோடை முடிவதற்குள் திறந்துவிட வேண்டும். அதற்கு ஊராட்சி அனுமதி கேட்டு மனு கொடுத்தாயிற்று. ஊரின் உயிர்வகைகளைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர் பதிவேட்டில் மலையில் உள்ளதோடு வயல், தரிசு, கண்மாய் எல்லாவற்றையும் சேர்த்து எழுதும்படி பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கேட்கப் போகிறோம். பழைய ஓடைகளின் பெயரும் போக்கும் பெரியவர்களுக்குத்தான் தெரியும், அவர்களிடம் உட்கார்ந்து எழுதிக்கொள்ள இளைஞர் அணியிலிருந்து ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் கலைவதற்குள் பெயர் கொடுங்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் அப்படியே பொருளாளரைப் பார்த்துவிடுங்கள்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்