மச்சு பிச்சு பயணம்: வழிகாட்டியின் ஊதியப் பிடித்தம் குறித்த புகார்

அனுப்புநர்: இன்கா பாதை மலையேற்றத்தில் பங்கேற்ற வாடிக்கையாளர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பெரு நாட்டில் இன்கா பாதை வழியாக, இன்கா மக்களின் பழங்கால மலை நகரமான மச்சு பிச்சுவுக்குத் தங்கள் நிறுவனம் கடந்த மே மாதம் நடத்திய நான்கு நாள் மலையேற்றத்தில் நானும் கலந்துகொண்டேன். ஊர் திரும்பிய மறு வாரம், வழிகாட்டியின் கெடுபிடியால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாகவும், கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகவும், அதற்காக அவருடைய ஊதியத்தில் பிடித்தம் செய்யப்பட்டுள்ளதாகவும் தங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்த அம்மையாரைப் பற்றி நான் யாரிடமும் குறை சொன்னதில்லை. தங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் நாள் காலை, பாதை தொடங்கும் 82-ஆம் கிலோமீட்டர் சோதனைச் சாவடிக்குச் சற்று முன்னதாக, வழிகாட்டி தம் பையிலிருந்து ஒரு தொங்கு தராசை எடுத்து, சுமைதூக்குவோரின் மூட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டி எடை பார்த்தார். குழுவிலேயே இளையவர் சுமந்திருந்த மூட்டையில் முள் 27 கிலோவில் போய் நின்றது. சட்டப்படி ஆண் ஒருவர் சுமக்கத்தக்கது 20 கிலோதான். அப்போது தங்கள் பயண மேலாளர் எங்களிடம் வந்து, இரண்டு பைகளைச் சாவடி தாண்டும் வரை நாங்கள் தூக்கிக்கொண்டு, தாண்டியதும் அந்த இளைஞரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். வழிகாட்டி இதற்கு உடன்படவில்லை. அவர் கெச்சுவா மொழியில் ஏதோ சொல்ல, அந்த இளைஞர் கயிற்றை அவிழ்த்து மூட்டையைப் பிரித்தார். உள்ளே தங்கள் நிறுவனத்தின் நான்கு மடக்கு நாற்காலிகளும் மேலாளரின் கேமரா முக்காலியும் இருந்தன. முக்காலியை மச்சு பிச்சுவுக்குள் கொண்டுபோகவே தடை உண்டு; மலையேறுகிறவர்களுக்கு நாற்காலி எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எல்லாம் வண்டியிலேயே திரும்பிப் போயின. அரை மணி நேரம் தாமதமானது. மின்னஞ்சலில் தாங்கள் குறிப்பிட்டுள்ள முதல் 'சிரமம்' இதுதான்.

இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மட்டுமே அனுமதி. வழிகாட்டிகளும் சுமைதூக்குவோரும் அந்தக் கணக்கிலேயே வருகிறார்கள். அனுமதிச் சீட்டுகளைப் பெயரோடு பல மாதங்களுக்கு முன்பே எடுத்தாக வேண்டும் என்பதால், எடை கூடிவிட்டதென்று அந்த இடத்தில் இன்னோர் ஆளைச் சேர்த்துக்கொள்ள வழியில்லை. எத்தனை பேர், எவ்வளவு சுமை என்று முன்கூட்டியே கணக்கிட்டிருக்க வேண்டியது தங்கள் அலுவலகம். அங்கே நேர்ந்த பிழைக்கு அந்த இளைஞரின் முதுகு ஈடு கொடுக்க வேண்டும் என்று மேலாளர் எதிர்பார்த்தார், வழிகாட்டி மறுத்தார். பிடித்தம் யாருடைய ஊதியத்தில் நடந்திருக்கிறது என்பதைத் தாங்களே பாருங்கள்.

இரண்டாம் நாள், 4,200 மீட்டர் உயரத்துக்குச் செல்லும் கணவாய் ஏற்றத்தில், எங்களுள் ஒருவருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்ததால் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தி நிறுத்தி அழைத்துச் சென்றார். முகாமை இரண்டு மணி நேரம் தாமதமாக அடைந்தோம். உயரத்துக்கு உடல் பழக அவகாசமே இல்லாதபடி, 3,400 மீட்டரில் உள்ள குஸ்கோவில் ஒரே ஓர் இரவு தங்கவைத்து மறுநாள் காலையிலேயே நடக்கவிட்டது தங்கள் பயணத்திட்டம்தான்.

கடைசி நாள் மச்சு பிச்சுவில், படம் எடுப்பதற்காக எங்கள் குழுவினர் இருவர் படிக்கட்டு வயலின் விளிம்புக் கல்மீது ஏறியபோது அவர் உடனே இறங்கச் சொன்னது உண்மை. குரல் சற்று உயர்ந்ததும் உண்மை. ஆனால் கடிந்துகொண்டதோடு அவர் விட்டுவிடவில்லை. அந்தத் தடுப்புச் சுவர்களுக்குப் பின்னால் மேல்மண், மணல், சரளை, பெருங்கல் என்று அடுக்கடுக்காக இட்டு மழைநீர் வடிய வழிசெய்திருப்பதையும், ஒரு கல் நகர்ந்தால் நீர் தடம் மாறி மொத்த வரிசையும் சரியக்கூடும் என்பதையும் கையால் காட்டி விளக்கினார். 2000-ஆம் ஆண்டு பீர் விளம்பரப் படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து, அங்குள்ள இந்திவத்தானா என்னும் இன்காக்களின் சடங்குக் கல்லின் முனை பெயர்ந்ததையும் சொன்னார். ஏறிய இருவரில் ஒருவன் நான். அந்தக் கால் மணி நேரத்தில் கற்றது, ஊருக்குக் கிளம்பும் முன் நான் படித்த எதிலும் இல்லை.

தங்கள் விளம்பரத்தில் 'பொறுப்புள்ள உள்ளூர் வழிகாட்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன். சொன்னபடியே அப்படிப்பட்டவரை அனுப்பிவிட்டு, அவர் பொறுப்பாக நடந்துகொண்டதற்காகத் தண்டிப்பது என்ன நியாயம்?

ஆகவே, எனக்குத் தருவதாகச் சொன்ன தொகையை என் கணக்கில் செலுத்த வேண்டாம். வழிகாட்டியின் ஊதியத்தில் பிடித்ததை முழுமையாக அவருக்குத் திருப்பித் தந்து, அதற்கான சான்றின் நகலை 15 நாட்களுக்குள் எனக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சுமையை மறைத்துச் சாவடி தாண்டச் சொன்ன மேலாளர்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையையும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நாற்காலிகளும் முக்காலியும் வண்டியில் ஏற்றப்படும்போது நான் எடுத்த படத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்