அப்பத்தாவின் குரல்

அன்பு மகன் செழியனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை இரவு என் கைப்பேசியில் அழைத்த ஒருவன், உன் பெயரையும் நம் தெருவின் பெயரையும் சொல்லி, "பையனைக் கொஞ்சம் பார்த்து விளையாடச் சொல்லுங்க சார்" என்றான். நல்ல தமிழ், மரியாதைக்கும் குறைவில்லை. "நீ எந்த ஊர் தம்பி?" என்று கேட்டேன். சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு வைத்துவிட்டான். அம்மாவிடம் ராங் நம்பர் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியதை நீ இன்னும் விடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2018-இல், வீட்டில் பணம் போய் இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், "கார்டு மேலே இருக்கிற பதினாறு நம்பர் சொல்லுங்க சார்" என்று உடைந்த தமிழில் கேட்ட ஒருவனுக்கு, நீ கேஸ் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு அதிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக, அப்பத்தாவின் குரலில், "இரு தம்பி, கண்ணாடியைக் காணோம்" என்று நடுநடுவே நிறுத்தி நிறுத்தி, நாற்பது நிமிடம் வாசித்தாய். கதவோரம் நின்று கேட்டுச் சிரித்தேன். ஆசிரியர் அறையில் பெருமையாகவும் சொன்னேன். அந்த நாற்பது நிமிடம் அவனால் வேறொரு கிழவியை ஏமாற்றியிருக்க முடியாது என்று நீ சொன்ன நியாயம் இன்றும் எனக்குத் தவறாகப் படவில்லை.

ஆனால் அன்று தானாக வந்த அழைப்பை எடுத்தாய். இன்று நீயே தேடிப் போகிறாய். கணினிக்குள் ஒரு பொய்க் கணினியை அமைத்து, தூரத்திலிருந்தே பிறர் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் செயலி வழியாக அந்த மோசடிக்காரர்களை உள்ளே வரவிட்டு, பிறகு நீ அவர்களுடைய கணினிக்குள் புகுந்து கோப்புகளை எடுப்பதாகச் சின்ன மாமா மகன் சொன்னான். எதிராளி திருடனே ஆனாலும் அனுமதியின்றி அவன் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பது எனக்கே தெரிந்திருக்கும்போது, பொறியியல் படித்த உனக்குத் தெரியாதா? மோசடிக்காரர்களை அம்பலப்படுத்துகிறவர் என்று நீ ஓயாமல் புகழும் யூடியூபர் ஜிம் பிரவுனிங்கையே, யூடியூப் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒருவன் 2021-இல் நம்பவைத்து, அவருடைய சேனலை அவர் கையாலேயே அழிக்கவைத்தான். அவரை விடவா நீ சமர்த்தன்? கிடைக்கும் எண்களையும் கணக்கு விவரங்களையும் சைபர் கிரைம் போலீசாரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள். சொந்த எண்ணில் அவர்களோடு பேசாதே.

இன்னொன்று. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் கட்டாயத்தின்பேரில் இந்த மோசடி வேலையைச் செய்துகொண்டிருக்கக்கூடும் என்று 2023-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளையும் அங்கிருந்து மீட்டு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை கேட்ட அந்த நல்ல தமிழ் எங்கிருந்து வந்தது என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. சொந்த எண்ணில் பேசாதே.

மாமா மகன் உன் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினான். அதே "இரு தம்பி, கண்ணாடியைக் காணோம்." கடைசியில், "எங்க அப்பத்தா ஏமாந்த 38,000-க்கு இது வட்டி" என்கிறாய். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

செழியா, ஓ.டி.பி.யைச் சொன்னது அப்பத்தா இல்லை. நான்தான். பள்ளியிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், பீரோவிலிருந்து அவருடைய கார்டை எடுத்து, முன்பக்கத்துப் பதினாறு எண்கள், பின்பக்கத்து மூன்று எண்கள், பிறகு என் கைப்பேசிக்கு வந்த ஆறு எண்கள் என்று, வகுப்பில் செய்யுள் ஒப்பிப்பவனைப் போலத் தெளிவாக ஒப்பித்தேன். அம்மா கேட்டபோது, "கிழவிதான் யாரிடமோ சொல்லித் தொலைத்திருக்கும்" என்று வாயில் வந்துவிட்டது. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா கையை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தார். "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார். பிறகு மறுபடியும் இடிக்கத் தொடங்கினார். அப்போது பணமோசடியைப் புகார் செய்ய 1930 என்ற எண்ணெல்லாம் இல்லை. இருந்திருந்தாலும் நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். வங்கிக்கே மூன்றாம் நாள்தான் போனேன். நீ அவர் குரலில் பேசியதைக் கேட்டு அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அதனால்தான் என்னாலும் சிரிக்க முடிந்தது.

யாரிடமும் ஒரு பைசாகூட ஏமாறாத அப்பத்தாவை நீ ஏழு வருடமாக ஏமாளியாக நடித்துக் காட்டுகிறாய். அதற்கு உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் குரலை மட்டும் விட்டுவிடு.

அம்மாவுக்கு இது தெரியாது. தீபாவளிக்கு நீ வந்தால் உன்னை வைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன். நீ பேசி ஒரு மாதமாகிறது. சொந்த எண்ணில் பேசாதே என்று எழுதியது அவர்களோடு பேசுவதற்கு. எங்களைக் கூப்பிட அந்த எண்ணே போதும்.

இப்படிக்கு,
அப்பா