பெரியம்மாவை ஏன் இடம் மாற்றினேன்

செம்பூர், மும்பை
டிசம்பர் 8

அன்புள்ள வித்யா,

அன்றைக்குப் போனில் கோபமாகவே பேசினாய். "அவ்வளவு நல்ல இடத்தை விட்டுப் பெரியம்மாவை ஏம்மா மாத்தினே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே" என்றாய். பணம் கட்டுகிறவள் நீ, கேட்க உனக்கு உரிமை உண்டு. போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த முதியோர் இல்லத்தை எதைப் பார்த்து எடுத்தோம்? பளிங்குத் தரை, லிஃப்ட், தோட்டம், வெள்ளிக்கிழமை பஜனை. நீ "ரேட்டிங் என்னம்மா" என்று கேட்டாய். உங்கள் இங்கிலாந்தில் இந்த மாதிரி இல்லங்களைச் சோதிக்கும் கேர் குவாலிட்டி கமிஷன் ஆட்கள் சொல்லாமல் வந்து பார்த்து, நான்கு தரத்தில் ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போவார்கள் என்று நீதான் சொன்னாய். இங்கே நர்சிங் ஹோம் என்றால் பத்துக் கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. அதற்கு 1949-லேயே பதிவுச் சட்டம் வந்துவிட்டது. முதியவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களையும் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 2019 டிசம்பரில் லோக்சபாவுக்கு ஒரு திருத்த மசோதா வந்தது. சட்டமாகாமலே காலாவதியாகிவிட்டது. ஆக, நாம் கூகுளில் நட்சத்திரத்தைத்தான் எண்ணினோம். அதைப் போட்டவர்களும் என்னைப் போல நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே போய் வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

போன மாதம் தானேயில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அவ்வளவு தூரம் வந்துவிட்டு அக்காவைப் பார்க்காமல் திரும்ப மனசு வரவில்லை. நான் போனபோது இரவு எட்டேகால். வாட்ச்மேன் தயங்கினார், கெஞ்சி உள்ளே போனேன். இருபத்திரண்டு பேருக்கு, பார்த்துக்கொள்ளும் பெண்கள், இங்கே மௌஷி என்பார்கள், இரண்டே பேர். போன் செய்தால்தான் நர்ஸ் வருவாராம்.

அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் "கால், கால்" என்றாள். பக்கத்தில் நின்ற மௌஷி அன்பாகத் தலையைத் தடவி, "ஹோ ஆஜி, கால், கால்" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. மராத்தியில் கால் என்றால் நேற்று. பாட்டி நேற்று நடந்த எதையோ சொல்கிறாள் என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறாள். எத்தனை நாளாக இப்படிச் சொல்கிறாள் என்று கேட்டேன். பத்து நாள் இருக்கும் என்றாள்.

சாக்ஸைக் கழற்றினேன். வலது குதிகாலில் எட்டணா அளவுக்குக் கறுத்திருந்தது, சுற்றிலும் சிவப்பு. விரலால் அழுத்தினால் நல்ல தோல் வெளுத்துத் திரும்பச் சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. படுக்கைப் புண். சர்க்கரைக்காரிக்குக் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்று உன் தாத்தா விஷயத்தில் பார்த்தவர்கள் நாம்.

கட்டிலில் தொங்கிய சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்ததாகக் கட்டம் கட்டமாக டிக். பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு. மறுநாள் காலை வரைக்கும் டிக் போட்டாகிவிட்டது. மணி அப்போது எட்டரைகூட ஆகவில்லை, வித்யா.

மௌஷியைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பன்னிரண்டு மணி நேர டியூட்டி, இரவு முழுக்கப் பதினோரு பேரைத் தனியாகத் தூக்கிப் புரட்ட எந்தப் பெண்ணால் முடியும்? புண்ணைப் பார்த்ததும் அவளே அழுதாள். ஆள் வைக்காமல் டிக் மட்டும் கேட்ட நிர்வாகத்தின் மேல்தான் என் கோபம். மறுநாள் மேனேஜரிடம் கேட்டால், "இந்த வயசில் இதெல்லாம் சகஜம்" என்றார். சகஜம் இல்லை. கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பார்த்திருந்தால், சாக்ஸைத் தினமும் கழற்றிப் பார்த்திருந்தால், இது வந்தே இருக்காது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் மராத்தியிலும் ஹிந்தியிலும் வெளுத்து வாங்கினவள் உன் பெரியம்மா. மறதி நோயில் பலருக்குப் பின்னால் படித்த மொழிதான் முதலில் நழுவும் என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு இப்போது தமிழ் மட்டும்தான் மிச்சம். அதை நான் சேர்க்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.

சரி, இப்போது இருக்கிற இடம் பன்வெல் பக்கம். செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் ஒரே ரயில். கட்டடம் பழசு, லிஃப்ட் இல்லை, ஏசி இல்லை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். நான் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்கும், ஒரு நாள் ராத்திரி ஒன்பதுக்கும் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் சேர்த்தேன். எட்டுப் பேருக்கு ஒரு மௌஷி, இரவில் ஒரு நர்ஸ் அங்கேயே. யாரையும் நாற்காலியோடு கட்டி வைக்கவில்லை. சாப்பிட்டதும் படுக்கவிடாமல் அரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள், சோறு மூச்சுக்குழாயில் போகாமல் இருக்க. தூக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் எனக்குப் போன் வர வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறேன்.

கட்டில் தலைமாட்டில் ஒரு தாள் ஒட்டினேன். கால், வலி, தண்ணி, பசி, ஒண்ணுக்கு, குளிருது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேவநாகரியில் உச்சரிப்பும் அர்த்தமும். போன வாரம் அங்கே ஒரு மௌஷி என்னிடம் வந்து, "தாயி, ஆஜி 'எரியுது'ன்னு சொல்றாங்க, அது தாளில் இல்லையே" என்று கேட்டாள். உடனே எழுதிச் சேர்த்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

புண் ஆறிவருகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங். ஓரத்தில் புதுத் தோல் ரோஜா நிறத்தில் வந்திருக்கிறது.

பணம் மிச்சமாகிறதே என்று நினைக்காதே, அனுப்புவதை அனுப்பு. தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைப் பகலில் மூன்று மணி நேரம் அவளோடு உட்கார வைக்கலாம் என்று இருக்கிறேன். தாராவியிலிருந்து வரத் தயாராக ஒருத்தி இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரைக்கு நான் அங்கே இருப்பேன். உங்கள் ஊரில் மதியம் இரண்டு. வீடியோவில் கூப்பிடு, குதிகாலைக் காட்டுகிறேன். போன தடவை மாதிரி "ஹவ் ஆர் யூ பெரியம்மா" என்று ஆரம்பிக்காதே. "சாப்ட்டியா பெரியம்மா" என்று கேள்.

அன்புடன்,
அம்மா