திருமுழுக்கு இரவோடு எங்களை விட்டுவிடாதீர்கள்: பங்குப் பேரவைகளுக்கும் அன்பியங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த பங்குப் பேரவை உறுப்பினர்களே, தெருத்தெருவாகக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியங்களின் பொறுப்பாளர்களே, இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நான் முப்பது வயதுக்கு மேல் திருமுழுக்குப் பெற்றவள். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் கத்தோலிக்கர். அம்மா, அண்ணன், அண்ணி எல்லோரும் இந்துக்கள். கல்யாணத்துக்காக நான் மதம் மாறவில்லை, யாரும் அழைத்து வரவும் இல்லை. இயேசுவை நம்பினேன், வந்தேன். என்னைப் போலத் தனியாக வந்தவர்கள் தமிழ்நாட்டில் பல பங்குகளில் இருக்கிறோம். எங்கள் எல்லோருக்காகவும் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவில் திருமுழுக்குத் தருகிற அந்தப் பாஸ்கா திருவிழிப்போடு எங்களை விட்டுவிடாதீர்கள்.

அந்த இரவு வரைக்கும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். மறைக்கல்வி வகுப்பு, செபப் புத்தகம், கையில் மெழுகுதிரி, கோவில் முழுக்கக் கைதட்டல். ஆனால் எங்கள் கேள்விகள் தொடங்குவதே மறுநாள் காலையில்தான். பத்துக் கட்டளைகளும் ஏழு அருட்சாதனங்களும் வகுப்பில் படித்துவிட்டோம். அமாவாசைப் படையல் சோற்றைச் சாப்பிடலாமா? அப்பாவின் திதியன்று வீட்டில் இருக்கலாமா? அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் ஹோமம் நடக்கும்போது எங்கே நிற்பது? பொட்டு வைக்கலாமா? இதையெல்லாம் யாரிடம் கேட்பது?

பொட்டு விஷயத்தில் கோவிலில் ஒரு அக்கா அழிக்கச் சொன்னார், அடுத்த பெஞ்சில் இருந்த அக்காவின் நெற்றியிலேயே பொட்டு இருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி காலத்திலேயே, திருமுழுக்குப் பெற்றவர்கள் சந்தனமும் குடுமியும் பூணூலும் வைத்துக்கொள்ளலாமா என்பது பெரிய வழக்காகி உரோமை வரை போய், 1623-இல் பதினைந்தாம் கிரகோரி திருத்தந்தை அவற்றை அனுமதித்தார். அந்த அனுமதியோடு சாதி அடையாளமும் சேர்ந்தே உள்ளே வந்தது என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் தமிழ் மண்ணில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் எப்படி வாழ்வது என்று நம் திருச்சபை 400 ஆண்டுகளுக்கு முன்பே உட்கார்ந்து யோசித்திருக்கிறது. இன்று ஒரு பங்கில் அதைப் பேச ஒரு மாலை நேரம் ஒதுக்கக் கூடாதா?

படையல் சோற்றுக்கு எனக்கு விடை கிடைத்தது பவுலடியாரிடமிருந்து. விருந்துக்கு அழைத்தால் பரிமாறுவதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள், 'இது படைத்தது' என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சான்றை முன்னிட்டுத் தவிர்த்துவிடுங்கள் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் பத்தாம் அதிகாரத்தில் சொல்கிறார். அம்மாவிடம் இதை மெதுவாகச் சொன்னேன். இப்போதெல்லாம் அமாவாசையன்று இலை போடுவதற்கு முன்பே எனக்கென்று சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் ஒரு தூக்கில் எடுத்து மூடி, அடுப்பு மேடையில் தனியாக வைத்துவிடுகிறார். காக்காய்க்கு வைத்துவிட்டு வந்து என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறார். தவக்காலத்தில் நான் ஒருசந்தி இருந்தால் அவருக்கு விளக்கிச் சொல்லவே வேண்டாம். காலமெல்லாம் விரதம் இருந்தவர் அல்லவா! வெள்ளிக்கிழமை எனக்குச் சுத்த போசனம், இறைச்சி கூடாது என்று மீன்காரம்மாவைத் திருப்பி அனுப்புவதும் அவர்தான். மீன் சாப்பிடலாம் என்று நான் சொன்னாலும் கேட்பதில்லை. என் விசுவாசத்துக்கு வீட்டில் இப்படி ஒரு துணை இருக்கிறது. எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. சிலர் செபமாலையைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்பது புதிதாக எதையும் அல்ல. திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வது குருக்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் மட்டும் பார்க்கும் வேலையல்ல, இறைமக்கள் எல்லோருடைய பொறுப்பு, திருமுழுக்கில் துணை நிற்கும் ஞானப்பெற்றோருக்கு அதில் சிறப்புப் பங்கு உண்டு என்று 1965-இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் மறைப்பணி பற்றிய ஆணையில் சொல்லிவிட்டது. உயிர்ப்பு ஞாயிறு முதல் பெந்தகோஸ்து வரை புதியவர்களோடு கூடவே இருக்க வேண்டும் என்று பெரியவர்களுக்குத் திருமுழுக்குத் தரும் முறையைச் சொல்லும் புகுமுகச் சடங்கு நூலிலும் இருக்கிறது. பல பங்குகளில் அந்த வாரங்கள் மே மாத விடுமுறையில் கரைந்துபோகின்றன. ஞானப்பெற்றோரைக் கடைசி வாரத்தில் அவசரமாகத் தேடுவதை நிறுத்துங்கள். எங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ இருக்கிற, வீட்டுக்கு வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போகக்கூடிய ஒருவரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் தடவை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும்போது கால் நடுங்கும். பின்னால் அவர் நின்றால் போதும்.

அன்பியக் கூட்டம் வீடு வீடாகச் சுற்றி வரும்போது எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. வீட்டார் சங்கடப்படுவார்கள் என்ற நல்ல எண்ணம்தான், தெரியும். ஆனால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தாண்டுங்கள். எங்கள் அம்மா சரி என்றுதான் சொல்வார்.

அப்புறம், சாதி. "எந்த ஊர், எந்தப் பங்கு?" என்று தொடங்கும் விசாரிப்பு எங்கே போய் முடியும் என்று எங்களுக்குத் தெரியும். பட்டியல் சாதியிலிருந்து திருமுழுக்குப் பெறுகிறவர் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி அந்தப் பட்டியலின் சலுகையை இழக்கிறார். அதையும் இழந்து வருகிறவரிடம் கோவில் வாசலில் சாதியைக் கேட்பது கொடுமை. புனித தேவசகாயம் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அதே ஊரில் பிற்காலத்தில் கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்து மக்களைப் பிரித்தார்கள். அந்தச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது. 2022 மே 15 அன்று பீடமேற்றப்பட்ட தேவசகாயம், புனிதரான முதல் இந்தியப் பொதுநிலையினர். அவரும் எங்களைப் போல மாறி வந்தவர். சாதி பாராமல் எல்லோரும் சமம் என்று பேசியவர், 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவர் திருநாளான ஜனவரி 14 பொங்கலை ஒட்டி வருகிறது. அன்று கோவிலில் பொங்கல் வைக்கும்போது புதிதாக வந்தவர்களையும் அவர்கள் வீட்டாரையும் சேர்த்து அழையுங்கள். எங்கள் வீட்டார் கோவிலுக்குள் கால் வைக்க அதைவிட இயல்பான நாள் இல்லை.

இன்னொன்றும் உண்டு, சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நாளை நான் இறந்தால் பங்குத்தந்தைக்கு யார் சொல்வார்கள்? அதற்கு முன்பே நோயில் கிடந்தால் எண்ணெய் பூசிச் செபிக்க அவரை யார் கூப்பிடுவார்கள்? அண்ணன் நல்லவர்தான், ஆனால் அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் சொல்கிறபடிதான் எல்லாம் நடக்கும். அதனால் எங்கள் விருப்பத்தை எழுதி, வீட்டாரில் ஒருவரும் ஞானப்பெற்றோரும் கையெழுத்திட்டு, பங்கு அலுவலகத்தில் வைத்துக்கொள்ள ஒரு வழி செய்யுங்கள். ஒரு கோப்பு போதும்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். எங்களையும் கூப்பிடுங்கள், வருகிறோம்.

கிறிஸ்துவில் உங்கள் சகோதரி