வளவில் டிரம்பெட்டும் பிரெட் இல்லாத கிட்டாரும்: கோளாறு மைக்செட்டில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டுப் பழைய வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில்) நடந்த கிட்டார்–டிரம்பெட் மனோதர்மக் கச்சேரி பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தோம். கிட்டார் காதில் விழவே இல்லை, இருவருக்கும் சுருதி சேரவில்லை, அடுத்த முறை பெரிய மைக்செட் போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். முதல் இரண்டு குறைகளும் நியாயமானவை. ஆனால் அவற்றுக்குப் பெரிய மைக்செட் மருந்தாகாது. இருக்கிற கோளாறை அது இரட்டிப்பாக்கும்.

முதலில் சத்தக் கணக்கு. டிரம்பெட்டை ஓங்கி ஊதினால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபலைத் தாண்டும். நைலான் தந்தி போட்ட கிட்டாரை எவ்வளவு அழுத்தி மீட்டினாலும் அதே தூரத்தில் 75 டெசிபலை ஒட்டியே நிற்கும். 20 டெசிபல் இடைவெளி என்றாலே ஒலியாற்றலில் 100 மடங்கு வித்தியாசம். இதைச் சரிக்கட்ட கிட்டாரை டிரம்பெட் அளவுக்கு ஏற்றினால் வளவு தாங்காது. டிரம்பெட்டைத்தான் கிட்டாரை நோக்கி இறக்கி வர வேண்டும். கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட் ஊதிக் கேட்ட பழக்கத்தில், டிரம்பெட் என்றாலே அலறல்தான் என்று நம்மவர்கள் முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். ஜாஸ் வாசிப்பவர்களில் பலர் அதை முணுமுணுக்கத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அதற்கான கருவி மியூட், டிரம்பெட்டின் வாயில் செருகும் அடைப்பான். கப் மியூட், பக்கெட் மியூட் இரண்டும் கூர்மையை மழுக்கிக் குரலை மென்மையாக்கும். ஹார்மன் மியூட் வேறு வகை. அலுமினியக் கூடு, சுற்றிலும் முழு வளையமாகத் தக்கை இருப்பதால் காற்று முழுவதும் மியூட் வழியாகவே வெளியேற வேண்டும். நடுக்குழாயைக் கழற்றிவிட்டு ஊதினால் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பிரபலமாக்கிய அந்த மெல்லிய கம்பிக் குரல் வரும். ஆனால் அடிஸ்தாயி அநேகமாகக் காணாமல் போகும். தள்ளி இருப்பவருக்குச் சரியாகக் கேட்காது. ஆகவே ஹார்மன் போடும் உருப்படிகளுக்கு மட்டும் டிரம்பெட்டுக்கு ஒரு மைக் தேவை. மியூட்டை அதை ஒட்டிப் பிடித்து ஊத வேண்டும். மற்ற நேரங்களில் 150 பேர் வரை உட்காரும் வளவுக்கு டிரம்பெட்டுக்கு மைக்கே வேண்டாம். கலைஞர் டிரம்பெட்டின் நெருங்கிய உறவான ஃப்ளூகல்ஹார்னும் கொண்டு வருபவராக இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. அதே பி–ஃப்ளாட் சுருதி, அதே குழாய் நீளம். கூம்பு போல விரிந்துகொண்டே போகும் துளை என்பதால் முரட்டுத்தனம் இல்லை.

அடுத்து வீடு. சுண்ணாம்புப் பூச்சுப் போட்டு வழவழவென்று இழைத்த சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, பர்மாத் தேக்குத் தூண், சலவைக்கல்: எதுவும் ஒலியை விழுங்குவதில்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் கைதட்டிப் பாருங்கள், படபடவென்று ஒரு அதிர்வு கேட்கும். எதிர்ச்சுவர் 10 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி போய்த் திரும்ப 20 மீட்டர், ஏறத்தாழ 57 மில்லி நொடி. 50 மில்லி நொடியைத் தாண்டினால் காது அதைத் தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கும். தாளத்துக்கு மிருதங்கமோ டிரம்ஸோ இல்லாத இருவர் கச்சேரியில் இந்தத் திரும்பொலி கலைஞர்களின் காலப்பிரமாணத்தையே இழுத்துவிடும். நடுவில் வானம் பார்த்த முற்றம் இருப்பது பெரிய கொடை. மேலே போகும் ஒலி திரும்புவதில்லை. வெயிலுக்குப் பயந்து அதன் மேல் தகரக் கொட்டகை போட்டால் அந்தக் கொடையும் போயிற்று. துணிப் பந்தல் போதும்.

டிரம்பெட்டின் உச்சக் குரல் வாய்க்கு நேராகத்தான் பாயும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும் வீடுகளில், அந்தக் கோட்டில் நின்று ஊதினால் பாதி இசை பின் தெருவுக்குப் போய்விடும், மீதி எதிர்ச்சுவரில் மோதித் திரும்பும். கலைஞர்கள் வளவின் மூலையில், கூரை உள்ள பக்கமாக நின்று குறுக்காகப் பார்த்து வாசிக்கட்டும். டிரம்பெட்டின் வாய் ஜனங்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கும் பக்கம் சற்றே தாழ்ந்து இருக்கட்டும். மனித உடம்பைப் போல ஒலி உறிஞ்சும் பொருள் கிடையாது, வாடகையும் இல்லை. எதிர்ச்சுவரில் இரண்டு மூன்று கனமான ஜமுக்காளங்களை, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டினால் பலன் குறைவு. சாய்த்து மாட்டிய கண்ணாடிச் சட்டப் படங்களும் தொங்கும் கண்ணாடி விளக்குகளும் குறிப்பிட்ட சில சுரங்களுக்குக் கிலுகிலுக்கும். ஒத்திகையில் எது கிலுகிலுக்கிறதென்று பார்த்துச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு துண்டுத் துணியைச் செருகினால் தீர்ந்தது.

இப்போது கிட்டார். இதுதான் கச்சேரியின் சூட்சுமம். செய்தியில் ஒரே வரியில் கடந்து போயிருந்தீர்கள். பிரெட் கம்பிகளே இல்லாத கிட்டார் இது. பிரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த கம்பி, வீணையில் மெட்டு என்கிறோமே அது. துருக்கியின் எர்கான் ஓகுர் 1976இல் கிளாசிக்கல் கிட்டாரில் பிரெட்டுகளை எடுத்துவிட்டு உருவாக்கிய வகை. வீணையில் 24 மெட்டுகளின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் வாங்குகிறோம். இந்திய இசையும் ஜாஸும் கலந்த சக்தி குழுவில் ஜான் மெக்லாக்லின், மெட்டுகளுக்கு இடையே பள்ளம் தோண்டிய கிட்டாரில் செய்ததும் அந்த வகைதான். இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும். அழுத்திய இடத்துக்குக் கீழே போகாது. பிரெட் இல்லாத கிட்டாரில் விரல் இருபுறமும் வழுக்கும், மெட்டே இல்லாத கோட்டுவாத்தியம் போல. டிரம்பெட்டிலும் உதட்டாலும், விரலால் இயக்கும் வால்வைப் பாதி அழுத்தியும் சுரத்தை வளைக்கலாம். பிரான் நாத்திடம் இந்துஸ்தானி கற்ற ஜான் ஹாசெல், டிரம்பெட்டில் அந்தக் குரல் வழியைக் கொண்டுவந்தவர். இப்ராஹிம் மாலூஃப், கால் சுரத்துக்காகவே நான்காவது வால்வு வைத்த டிரம்பெட்டை வாசிக்கிறார். ஆக, இரண்டு வாத்தியங்களும் ஒரே இடத்தில் குழையக்கூடியவை. அதற்காகத்தான் இவற்றைச் சேர்க்கிறார்கள். வித்தியாசம் காட்டுவதற்காக அல்ல.

அந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. 650 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிட்டாரில் முதல் அரைச்சுரத்துக்கு 36.5 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் 19 மில்லிமீட்டர்தான். அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 5 சென்ட் (அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஐந்து பங்கு) தவறும். சாதாரண கிட்டாரிலிருந்து வருபவர்கள் பிரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால் விரல் வைத்தே பழகியவர்கள். இங்கே கம்பி இருந்திருக்கவேண்டிய இடத்தின் மேலேயே விரல் விழ வேண்டும். பழைய பழக்கத்தில் வைத்தால் எல்லாச் சுரமும் ஒரே மாதிரி இறங்கிக் கேட்கும். “சுருதி சேரவில்லை” என்று வாசகர் சொன்னதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று, தந்தியை நிறுத்துவது உலோகம் அல்ல, விரல் சதை. அதனால் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். நீள நிற்கும் சுரம் டிரம்பெட்டின் பொறுப்பு. மூன்று நான்கு சுரம் சேர்ந்த கார்டும் சுத்தமாக விழாது. தேர்ந்தவர்கள் கார்டின் மூன்றாம், ஏழாம் சுரங்களை மட்டும் இரட்டையாகப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலில் கீழ்த்தந்தியை நடத்துவார்கள். கிட்டார் “காலியாக” ஒலித்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். வாசித்தவர் வேண்டுமென்றே விட்ட இடம் அது.

சுருதி எங்கே வைப்பது என்பதில்தான் ஏற்பாட்டாளர்கள் யாரும் கவனம் செலுத்துவதில்லை. டிரம்பெட் பி–ஃப்ளாட் வாத்தியம். சுருதியைக் கட்டையில் அளக்கும் நம் கணக்கில் 6½ கட்டை. கிட்டார்காரர் கைவசம் 3 கட்டையிலும் 6 கட்டையிலும் தொடங்கினால் டிரம்பெட்டுக்கு ஆறு ஷார்ப்பும் ஐந்து ஷார்ப்பும் (அரைச்சுரம் ஏற்றி வாசிக்க வேண்டிய சுரங்கள்) வந்து விழும். விரல் தடுமாறும், மனோதர்மம் எங்கே ஓடும்? கிட்டாரின் ஆறு தந்தியையும் அரைச்சுரம் இறக்கிவிட்டால் திறந்த தந்திகள் 2½, 5½, 1½, 4½, 6½, 2½ கட்டைகளில் நிற்கும். டிரம்பெட்டுக்கும் அவை கைக்கு அடங்கியவை. 2½ கட்டை நம் காதுக்குப் புதிதும் அல்ல, பாரி நாகஸ்வரம் புழங்கும் இடம்தான். இறக்கும்போது தந்தி தொய்யும். அதனால் ஹார்டு டென்ஷன் தந்தி போட வேண்டும். நைலான் தந்தி புதிதாகப் போட்டால் மூன்று நான்கு நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். கச்சேரி நாளன்று தந்தி மாற்றியவரைத் திட்டுவதற்குத் தனிக் கடிதம் எழுதலாம்.

6½ கட்டையை ஷட்ஜமாக வைத்தால் ஒரு லாபம் இருக்கிறது. வால்வு எதையும் அழுத்தாமல் டிரம்பெட்டில் வரும் மேல் காந்தாரம் ஐந்தாவது இயற்கைச் சுரம். பியானோவின் காந்தாரத்தைவிட 14 சென்ட் தாழ்ந்தது. தம்புராவோடு சேரும் அந்தர காந்தாரம் அதுதான். பியானோவோடும் பிரெட் உள்ள கிட்டாரோடும் வாசிக்கும்போது உதட்டால் அதை வலிய ஏற்றவேண்டியிருக்கிறது. பிரெட் இல்லாத கிட்டார் கூடவே இறங்கி வந்து அங்கே நிற்கும். அந்தக் காந்தாரத்தில் இருவரும் நிற்கும் இடத்தைக் கேட்டவர்கள் இந்தச் சேர்க்கை எதற்கு என்று கேட்கமாட்டார்கள். மாறாக, 1–3, 1–2–3 வால்வுகளைச் சேர்த்து அழுத்தும் கீழ்ச்சுரங்கள் இயல்பாகவே ஏறிவிடும். மூன்றாம் வால்வின் ஸ்லைடை (இழுத்து நீட்டும் குழாயை) வெளியே தள்ளிச் சரிசெய்ய வேண்டும். ஹார்மன் மியூட்டும் சுருதியை ஏற்றும். பிரதான ஸ்லைடை 4 மில்லிமீட்டர் இழுத்தால் 10 சென்ட் இறங்கும். மியூட்டைக் கழற்றியதும் திரும்பத் தள்ள மறக்கக்கூடாது. குழாய்க்குள் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் 3 சென்ட் இறங்கும். மார்கழி மாலையில் கிட்டார் தனியாக வாசிக்கும் ஐந்து நிமிடமும் டிரம்பெட் ஸ்டாண்டில் கிடந்தால், எடுத்து ஊதும் முதல் சுரம் இறங்கித்தான் வரும். மடியில் வைத்துச் சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும்.

மின்சாரத்துக்கு வருவோம். கிட்டாருக்கு மட்டும் 30 முதல் 60 வாட் வரை ஒரு சிறிய ஆம்ப். அதைத் தரையில் வைக்காமல் முக்காலி மேல், கிட்டார்காரருக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் வையுங்கள். ஒலி வாத்தியத்திலிருந்தே வருவதுபோல் கேட்கும், டிரம்பெட்காரருக்கும் தனி மானிட்டர் தேவைப்படாது. கிட்டாரில் தந்தியைத் தாங்கும் பாலத்துக்கு அடியில், அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ பிக்கப்பை நேரே மைக்செட் மிக்சரில் செருகுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு. பீசோவுக்கு 1 மெகா ஓம் உள்ளீடு வேண்டும். மிக்சரின் மைக் உள்ளீடு சில ஆயிரம் ஓம்தான். அடிஸ்தாயி முழுக்கக் கரைந்து, தகர டப்பாவைத் தட்டியதுபோல வரும். நடுவில், இந்த இரண்டையும் பொருத்திவைக்கும் ப்ரீ–ஆம்ப்போ பீசோவுக்கான டிஐ பாக்ஸோ அவசியம். ஊளையிட்டால் 100 ஹெர்ட்ஸ் அருகே குறையுங்கள், கிட்டார்க் கூட்டுக்குள் உள்ள காற்று அதிரும் இடம் அது. ஒலித்துளைக்கு ரப்பர் மூடியும் போடலாம். மைக்செட் அண்ணன்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எக்கோவை அணைத்துவிடச் சொல்லுங்கள். எக்கோ வேண்டிய அளவுக்கு வீடே கொடுக்கும். பழைய வயரிங்கில் எர்த் இல்லாத பிளக் இன்னமும் இருக்கிறது. அதில் ஆம்ப் போட்டால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கச்சேரி முழுக்கக் கூட வரும், ஷாக் அடிக்கவும் வாய்ப்பு உண்டு. எலக்ட்ரீஷியனை முதல் நாளே வரவழைத்து எர்த் இழுக்கச் சொல்லுங்கள்.

கச்சேரி நேரம் பற்றி ஒரு வார்த்தை. இரண்டரை மணி நேரக் கச்சேரியும் கடைசியில் துக்கடாவும் கேட்டுப் பழகிய சபை இது. டிரம்பெட்காரரின் உதட்டுத் தசைக்கு அவ்வளவு தாங்காது. நான்கு வாத்தியங்கள் வரை இருக்கும் ஜாஸ் குழுவில் மற்றவர்கள் வாசிக்கும்போது அவர் ஓய்வெடுப்பார். இருவர் கச்சேரியில் அந்த வசதி கிடையாது. 35 நிமிடம், இடைவேளை, மறுபடி 35 நிமிடம். நடுவே கிட்டார் தனி ஆவர்த்தனம் இரண்டு இடத்தில் வந்தால் அது அலங்காரம் அல்ல, உதட்டில் ரத்தம் திரும்ப ஓடுவதற்கான அவகாசம். டிரம்பெட்டிலிருந்து அவ்வப்போது நீரைக் கொட்டுவதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பெரும்பாலும் மூச்சின் ஈரம் குளிர்ந்து தண்ணீரானதுதான். ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கும், ஆகவே காலடியில் ஒரு துண்டு விரித்துவிடுங்கள்.

இரட்டையர் கச்சேரி செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. காரைக்குடி சகோதரர்கள் இருவரும் வீணை. சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்தும், சாம்பசிவ ஐயர் கிடத்தி வைத்தும் வாசித்தார்கள். டிரம்பெட்–கிட்டார் சேர்க்கை எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோர் டிரம்பெட்காரர் பாவ்லோ ஃப்ரேசுவும் கிட்டார்காரர் ரால்ஃப் டவுனரும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட இசைத்தட்டைக் கேட்கலாம். டவுனர் அதில் பிரெட் இல்லாத கிட்டார் வாசிக்கவில்லை. ஆனால் இரண்டு வாத்தியமும் ஒன்றுக்கொன்று இடம் விடுவதை அதைவிடத் தெளிவாகக் கேட்க முடியாது.

அடுத்த கச்சேரிக்கு ஏற்பாடு செய்வோர் அன்று மாலை 4 மணி முதல் 5 மணி வரை வளவைக் கலைஞர்களிடம் முழுதாக ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நாற்காலி அடுக்குவதையும் இரண்டாம் கட்டில் பாத்திரம் கழுவுவதையும் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளலாம். நின்று சுழலும் மின்விசிறிகளை ஒத்திகையிலும் கச்சேரியிலும் முதல் வரிசைக்குப் பின்னால் வைத்தால் கிட்டாரின் மெல்லிய இடங்கள் பிழைக்கும்.

இப்படிக்கு,
ஒலியமைப்பிலும் வாத்திய வாசிப்பிலும் ஈடுபட்டுள்ள வாசகர்கள் சிலர்,
காரைக்குடி