ஃபைன்

கோயம்புத்தூர்,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் நலத்தை அறிய ஆவல் என்று எழுதுவதுதான் கடிதத்தின் முறை. ஆனால் கேட்டால் என்ன பதில் வரும் என்பது இப்போது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆகையால் அந்தப் பதிலைப் பற்றியே எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நாம் வீடியோவில் பதினோரு நிமிடம் பேசினோம். அதில் நீ 'ஃபைன்' என்று ஒன்பது முறை சொன்னாய். உடம்பு எப்படி என்றால் ஃபைன், ஆபீஸ் எப்படி என்றால் ஃபைன், குளிர் தாங்க முடிகிறதா என்றால் ஃபைன், மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று அம்மா கேட்டதற்கும் அதே ஃபைன். குறை சொல்வதற்காக நான் எண்ணவில்லை. முப்பத்தொரு வருடம் மில்லின் சோதனைக்கூடத்தில் எண்ணிப் பழகிய மனம், கேட்கும்போதே எண்ணிவிட்டது.

காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா? மான்செஸ்டரில் காற்றும் மழையும் சேர்ந்து வரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். தொப்பியைக் காது மறையும்படி இழுத்துவிட்டுக்கொள்.

இந்தச் சொல்லைச் சொல்லித்தான் நான் உங்கள் இருவருக்கும் சோறு போட்டேன் என்பது உனக்குத் தெரியும். மில்லில் ஃபைன் என்றால் நூல் சன்னம் என்று பொருள். ஒரு ராத்தல், அதாவது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை தேறுகின்றனவோ அதுதான் கவுண்ட். நாற்பதாம் நம்பர் நூலில் ஒரு ராத்தலுக்கு நாற்பது சிட்டம். எண்பதாம் நம்பர் என்றால் எண்பது, அதாவது 67,200 கெஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும், விலை கூடும். உன் அம்மிச்சியின் கல்யாணப் புடவையைக் கையில் எடுத்துப் பார்த்து, 'இது நூறாம் நம்பருக்குக் குறையாது' என்று நான் சொன்னபோது நீ வியந்தாயே, அந்த ஃபைன். நீ இப்போது இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் போல்ட்டனில்தான் 1779இல் சாமுவேல் கிராம்ப்டன் 'மியூல்' என்ற நூற்பு இயந்திரத்தை உருவாக்கினார். அதுவரை நம் நாட்டுக் கைகளால் மட்டுமே நூற்க முடிந்த மஸ்லின் நூலின் சன்னத்தை அங்கே எட்ட வைத்தது அந்த இயந்திரம். அவர் வாழ்ந்த அந்தப் பழைய வீட்டின் வாசலில் நீயும் மாப்பிள்ளையும் நின்று எடுத்த படத்தைச் சென்ற வருடம் அனுப்பினாய். இன்றும் அது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றும் வரவில்லை.

சோதனைக்கூடத்தில் பஞ்சின் சன்னத்தைக் காற்றை வைத்து அளப்போம். குறிப்பிட்ட எடைப் பஞ்சை ஒரு சிறு குழியில் அடைத்துக் காற்றைச் செலுத்தினால், இழைகள் சன்னமாக இருக்க இருக்கக் காற்று நுழையச் சிரமப்படும், காட்டும் எண் குறையும். அந்த எண்ணுக்கு மைக்ரோனேர் என்று பெயர். எண் குறைந்தால் பஞ்சு ஃபைன் என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் உடனே எழுதிவிடுவார்கள். அவர்களை நான் நிறுத்தி உட்கார வைத்து ஒரு விஷயத்தைச் சொல்லித் தருவேன். இழை பிறவியிலேயே சன்னமாக இருந்தாலும் எண் குறையும். காய் முற்றாமல் இழையின் சுவர் பருக்காமல் போயிருந்தாலும் எண் அப்படியேதான் குறையும். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். நம் ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1974இல் வெளிவந்த சுவின் என்ற மிகச் சன்னமான பருத்தி ரகத்துக்கும், பூச்சியிலும் வறட்சியிலும் அடிபட்டு முற்றாமல் போன ஏதோ ஒரு பஞ்சுக்கும் அது ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டக்கூடும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் இழைகளைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பின் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முற்றிய இழை பருத்து உருண்டையாக நிற்கும். முற்றாதது நாடா போலத் தட்டையாகச் சுருண்டு கிடக்கும். அதை டெட் ஃபைபர், செத்த இழை என்போம். அதை நூற்றால் முடிச்சு முடிச்சாக விழும், சாயம் பிடிக்காமல் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

அம்மிணி, ஞாயிற்றுக்கிழமைகளில் உன் ஃபைன் என்ற எண் மட்டும்தான் எனக்குக் கிடைக்கிறது. அது எந்த ஃபைன் என்று பார்க்க என்னிடம் எந்தக் கண்ணாடியும் இல்லை.

உனக்குப் பின்னால் முன்பு தெரிந்த ஜன்னலும், அதன் விளிம்பில் மாப்பிள்ளை வளர்த்த துளசியும் மார்கழியிலிருந்து தெரிவதில்லை. இப்போது ஒரு வெறும் சுவரும், கதவு சரியாக மூடாத ஒரு மர அலமாரியும் தெரிகின்றன. அலமாரியில் ஒரே ஒரு கப் இருக்கிறது. வேறு அறையில் உட்கார்ந்து பேசுகிறாய் என்று அம்மாவிடம் நானே சொல்லிவைத்திருக்கிறேன். அவளும் அதை நம்புவது போலவே இருக்கிறாள்.

நீ வாங்கித் தந்த பெரிய அகராதியை இந்த வாரம் எடுத்துப் பார்த்தேன். ஃபைன் என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'ஃபீனிஸ்'. முடிவு, எல்லை என்று பொருள். முடிவுவரை செய்து முடித்தது, குறையின்றி நிறைந்தது என்ற வழியில் அது நயம் ஆயிற்று; நயத்திலிருந்து நுண்மை, நுண்மையிலிருந்து சன்னம். ஒன்பது ஒன்று ஆறு என்று முத்திரை குத்திய உன் சங்கிலியில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம் இருக்கிறதே, அந்தத் தூய்மைக் கணக்கும் ஃபைன்தான். இசைத்தாளின் இறுதியில் இத்தாலிய வழக்கப்படி இதே எழுத்துகளை 'ஃபீனே' என்று போடுவார்களாம், இத்துடன் முடிந்தது என்று. தம்பி கிரிக்கெட்டில் சொல்லும் ஃபைன் லெக்கும் இந்தக் குடும்பம்தான். உன் தொழிலின் பெயரான ஃபைனான்ஸும் இதே வேர்தான்: கடனைத் தீர்த்துக் கணக்கை முடிப்பது. மில் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து புறப்பட்ட பெண், ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கை முடித்துக் கையெழுத்துப் போடுகிறாள் என்று நான் பீளமேட்டில் சொல்லாத ஆளில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை. இரண்டு பொங்கலாக நீ வரவில்லை என்ற வருத்தமும் குறையவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி. தம்பியின் குழந்தைக்குக் காது குத்தியபோதும் லீவு கிடைக்கவில்லையா?

அகராதியில் இன்னொரு பயன்பாடும் இருந்தது. அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறக்கம் போயிற்று. யாராவது ஒன்றைக் கொடுக்க வரும்போது 'ஐ ஆம் ஃபைன்' என்றால், எனக்கு வேண்டாம் என்று அர்த்தமாம். தை மாதம் அம்மா, 'நான் வந்து ஒரு மாதம் உன்னுடன் இருக்கட்டுமா?' என்று கேட்டாள். 'இல்லம்மா, ஐ ஆம் ஃபைன்' என்றாய். நீ நன்றாக இருப்பதாகச் சொல்கிறாய் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். வர வேண்டாம் என்று நீ சொன்னது இப்போதுதான் புரிகிறது. வேண்டாம் என்பதைத் தமிழில் சொல்லியிருந்தால் அம்மா அப்போதே 'ஏன்' என்று கேட்டிருப்பாள். அவள் கேட்கக்கூடாது என்றுதான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாயோ என்று நினைக்கிறேன்.

இந்தச் சொல்லை உன் வாயில் வைத்தது யார் என்று எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

நம் மில்லில் ஃபைன் என்றால் இன்னொன்றும் உண்டு, தண்டத்தொகை. ஒரு வழக்கைப் பணம் கொடுத்து முடித்துக்கொள்வது என்ற பொருளில் அதுவும் அந்த முடிவு என்ற வேரிலிருந்தே வந்தது. சோதனைக்கூடத்துக்கு வருவதற்கு முன்னால் நான் டைம் ஆபீஸில் இருந்தபோது ஃபைன் ரிஜிஸ்டர் என் பொறுப்பில் இருந்தது. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் எனக்கு மனப்பாடம். எந்தச் செயலுக்கு ஃபைன் உண்டு என்று முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் பிடிக்கக்கூடாது. தொழிலாளி தன் பக்கத்துக் காரணத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் ஃபைன் போடக்கூடாது; அவர் காரணம் சொன்னாரா என்று எழுத ரிஜிஸ்டரில் தனிக் கட்டமே இருக்கும். பிடித்த பணத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். பதினைந்து வயது நிரம்பாதவருக்கு ஃபைன் அறவே கூடாது. இவற்றில் ஒன்றையும் நான் ஒருநாளும் மீறியதில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் மீறினேன். உனக்கு அப்போது ஏழு வயது. இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தோம். வீட்டில் தமிழ் பேசினால் ஒரு சொல்லுக்கு இருபத்தைந்து பைசா ஃபைன் என்று நான் சட்டம் போட்டேன். அப்பத்தா கொடுக்கும் காசு உன் உண்டியலிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் போயிற்று. அந்தக் கணக்கை நாற்பது பக்க நோட்டில், மில் ரிஜிஸ்டர் போலவே கட்டம் போட்டு எழுதினேன். புதன்கிழமை அந்த நோட்டு பரணில் கிடைத்தது. கடைசிப் பதிவு 1996 ஆகஸ்டில். தேதி, சொற்கள்: 'காது', 'வலி', தொகை: ஐம்பது பைசா.

அன்று நான் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றவில்லை. நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, 'அப்பா, காது வலிக்குது' என்றாய். 'இங்கிலீஷ்' என்றேன். நீ யோசித்தாய். உதடு அசைந்தது. அந்த வலிக்கு உன்னிடம் இங்கிலீஷில் சொல் இல்லை. உடம்பைப் பற்றி நான் உனக்குக் கற்றுக்கொடுத்திருந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னாய்: 'ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ.' நான் 'குட்' என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்து எழுதினேன். விடியற்காலை உன் தலையணை உறையில் மஞ்சளாகச் சீழ் வழிந்திருந்ததை அம்மாதான் பார்த்தாள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் ஜவ்வு கிழிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அதை இத்தனை வருடமும் உன்னிடம் நான் சொன்னதில்லை. குளத்தில் குளித்ததால் வந்தது என்றே ஊர் முழுக்கச் சொல்லிவந்தேன். அம்மாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நோட்டு அன்றோடு நின்றது. ஆனால் நான் நிறுத்தியதாக உன்னிடம் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. இன்றும் நீ இயர்ஃபோனை வலது காதில் மட்டும்தான் மாட்டிக்கொள்கிறாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பி போட்டுக்கொள், பஞ்சு வைத்துக்கொள் என்று ஏதோ சொல்கிறேன்.

காரணம் சொன்னாரா என்ற கட்டத்தை அந்த நோட்டிலும் போட்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில்கூட அதில் ஒன்றும் எழுதவில்லை.

நாளை மறுநாள் மாலை நாலரை மணிக்கு அம்மா தண்டுமாரியம்மன் கோயிலுக்குப் போகிறாள். வர ஏழாகும். நான் வீட்டில் தனியாக இருப்பேன். நான் எதுவும் கேட்க மாட்டேன். அந்தச் சுவர் எந்த வீட்டுச் சுவர் என்றும் கேட்க மாட்டேன். அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு நீ தமிழில் என்ன சொன்னாலும், ஒன்றும் சொல்லாமல் அழுதாலும், கேட்டுக்கொண்டிருப்பேன்.

காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மாவின் பாஸ்போர்ட் புதுப்பித்து வந்துவிட்டது. என்னுடையதையும் சேர்த்தே கொடுத்திருந்தேன், அதுவும் வந்துவிட்டது.