“இன்னைக்கு எத்தனை?” என்று கேட்டவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ போன மாதம் முடிந்தது. 21 நாளுக்கு ஒன்றாக ஆறு. அந்த மாதங்களில் என் மனசைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்த மடல்.

முதலில் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்த மனநல ஆலோசகர். “போன வாரம் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டது? 0-லிருந்து 10-க்குள் ஒரு எண் சொல்லுங்க” என்றார். வாயைத் திறந்தாலே அழுகை வந்த நேரம் அது. எண்ணை மட்டும் சொல்ல முடிந்தது. எட்டு. நாலோ அதற்கு மேலோ போனால் தனியாகத் தாங்கிக்கொண்டு இருக்கக் கூடாது, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்றார்.

கூட வந்திருந்த என் நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டாள். தேவகோட்டையிலிருந்து தினமும் சாயங்காலம் போன் செய்வாள். “அண்ணி, இன்னைக்கு எத்தனை?” ஆறு என்றால், “சரி, வர்றேன்” என்று காரைக்குடி பஸ் ஏறிவிடுவாள். வந்து ஒரு நாளும் புத்தி சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள், நான் அழுதால் அழவிடுவாள். “தைரியமா இருக்கணும்” என்று மற்றவர்களும் அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் பயப்படுவதே தப்பு மாதிரி இருந்தது.

அயித்தை, விசாரிக்க வந்தவர்களை முகப்பிலேயே உட்காரவைத்து, காபி கொடுத்து அனுப்பினீர்கள். ரத்தத்தில் வெள்ளணு குறைந்து, தொற்று சுலபமாக வரக்கூடிய நாட்களில் அது உடம்புக்கும் காவலாக இருந்தது. சொந்தக்காரர்களை வீட்டுக்குள்ளே வளவு (உள்முற்றம்) வரை விடாமல் அனுப்பினால் நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அத்தனையையும் நீங்களே வாங்கிக்கொண்டீர்கள்.

மூன்றாவது கீமோ சமயம் இரண்டு ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. புத்தி பேதலிக்கிறதோ என்று நடுங்கினேன். அது கீமோவோடு தந்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையின் வேலை என்று விளக்கி, டாக்டரிடம் கேட்டு ராத்திரி வேளையை மதியத்துக்கு மாற்றித் தந்த நர்ஸ் தங்கச்சிக்கு நன்றி. அப்புறம், ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அடித்தபோது, அவசரப்படாமல் தமிழில் பேசிய அந்தப் பெண்ணுக்கும்.

கார் ஓட்டிய தம்பிக்குக் கடன்பட்டிருக்கிறேன். மேலூர் தாண்டியதும் நான் அழ ஆரம்பித்தால், ஒன்றும் கேட்காமல் பின்னால் இருப்பவரைக் காட்டும் கண்ணாடியை மேலே திருப்பிவிடுவார்.

அடுத்த வாரம் பரிசோதனை இருக்கிறது. இன்று எண் ஐந்து. நாத்தனார் பஸ் ஏறிவிட்டாள்.